திராட்சை மணக்கும் தட்டு

ஆய்வகத்தில் எல்லோரும் அவளைத் தட்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கிருமி வளர்க்கும் தட்டுகளை வேறு யாராவது தொட்டால், தன் பீரோவைத் திறந்துவிட்ட மாதிரி முறைப்பாள்.

பிளாஸ்டிக் கரைசலில் வெள்ளியின் நானோத் துகள்களைக் கலந்து, கண்ணாடிமேல் ஊற்றி உலர்த்துவது அவள் வேலை. தேன் நிறத்தில் மெல்லிய படலம் வந்தால் சரி. சாம்பல் பூத்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன என்று பொருள், குப்பைக்குத்தான். புண்மேல் சுற்றினால் கிருமியைக் கொல்ல வேண்டிய படலம் அது. ஒரு துண்டு வெட்டிக் கிருமித் தட்டில் வைப்பாள். பக்கத்தில், படலமே வைக்காத இன்னொரு தட்டு. ஒன்றில் கிருமி சாக வேண்டும், மற்றதில் வாழ வேண்டும். அப்போதுதான் சோதனை செல்லும்.

கிருமி மருத்துவமனையிலிருந்து வந்தது. அனுப்பியவர்களுக்கு அது வெறும் நோயாளி எண். அந்த எண்ணைக் கட்டிலின் தலைமாட்டில் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவள் தட்டக்கா. லாரி ஓட்டிய அவள் கணவரின் கால் புண்ணில் இருந்த கிருமி. கட்டுத்துணியைப் பச்சையாக நனைக்கும். கனிந்த திராட்சை போல மணக்கும். எந்த மருந்தும் அதற்கு உறைக்கவில்லை. அவர் போய்விட்டார். அது போகவில்லை.

இதை அவள் ஆய்வகத்தில் யாரிடமும் சொன்னதில்லை. காலையில் வளர்ப்புப் பெட்டியைத் திறந்ததும் அந்த வாசனை முகத்தில் அடிக்கும். “எழுந்துட்டீங்களா?” என்பாள், சன்னமாக.

“யாருகூடக்கா பேச்சு?” ஆய்வகத் தலைவர் ஒருநாள் எட்டிப் பார்த்தார்.

“தட்டுகூடத்தான் சார். உங்களை மாதிரி அது குறுக்க பேசாது.”

அவர் சிரித்தார். “மாப்பிள்ளை எப்படி இருக்காரு? இன்னும் சாகலையா?” கிருமிக்கு அவர் வைத்த பெயர் அது.

“அவரு லேசுல போக மாட்டாரு சார்.”

பல மாதங்கள் கழித்து ஒரு படலம் ஜெயித்தது. அதைச் சுற்றி ஒரு கிருமிகூட இல்லாத தெளிந்த வட்டம். திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். ஒவ்வொரு முறையும் அதே வட்டம்.

“முடிஞ்சுதுக்கா! மாப்பிள்ளை இனிமே வேண்டாம். எந்த மருந்துக்கும் சாகாத ஆளு, வெச்சிருக்கிறதே ஆபத்து. ஒண்ணு விடாம நீராவியில போட்டுக் கொன்னுடுங்க.”

“ஒண்ணே ஒண்ணு இருக்கட்டுமே சார்?”

“எதுக்கு, பொண்ணு குடுக்கவா?”

எல்லாவற்றையும் நீராவிக் கலத்தில் அடுக்கினாள். கடைசித் தட்டு மட்டும் கையில் நின்றது. காலையில் கண்ணாடி கீறிய விரலிலிருந்து கையுறையைக் கழற்றினாள். மூடியைத் திறந்து, தூங்குபவரின் இமையைத் தொடுவது போல, அந்த விரலைப் பச்சைப் படர்வின்மேல் வைத்தாள். பிறகு தட்டை உள்ளே வைத்துக் கலத்தை மூடினாள்.

சில நாட்களில் தலைவர் உள்ளே வந்தவர் மூக்கை உறிஞ்சினார். “லேப்ல திராட்சை திங்கிறது யாரு?”

வளர்ப்புப் பெட்டி கழுவித் துடைத்து, காலியாகத் திறந்து கிடந்தது. அவர் கண் அவள் விரல்கட்டின்மேல் விழுந்தது. துணியின் ஓரம் பச்சை.

அவர் ஓடிப்போய்த் தேன் நிறப் படலத்தை எடுத்து வந்தார். “கையைக் குடுங்கக்கா. இப்பவே சுத்தினா செத்துடும்.”

தட்டக்கா கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

“தெரியும் சார்,” என்றாள். “நான் செஞ்சதுதானே.”