ஆற்றில் அலசிய ரீல்

இதை எழுதப் பல வருடங்கள் தயங்கினேன்.

மட்டக்களப்பு வாவியை நாங்கள் ஆறு என்றே சொல்வோம். கடலில் தூண்டில் போட்டு வரும் என் கணவர், ஆறு என்றால் நல்ல தண்ணீர் என்று தூண்டில் நூல் சுற்றும் ரீலை அதில்தான் அலசுவார்.

“கடலுக்கு முகத்துவாரம் வெட்டினாப் பிறகு ஆத்திலயும் உப்புத்தான். கிணத்துத் தண்ணியால கழுவுங்களன்” என்றேன்.

“அப்ப ரீலுக்குத் தேத்தண்ணியும் ஊத்திக் குடு புள்ள” என்று சிரித்தார்.

ஒரு நாள் பெரிய பாரை மீன் இழுக்க, உப்பு இறுகிய ரீல் சுற்றவில்லை. மீனை விட மனமின்றி நூலை வலது கையில் சுற்றிப் பிடித்தார். அது எலும்பு வரை வெட்டிவிட்டது.

நேர்த்தி வைக்காத கோயிலில்லை. விரல்கள் மடங்கவேயில்லை. சோற்றை நான்தான் ஊட்டுகிறேன்.

இப்போது அந்த ரீலை என் தம்பி கடலுக்குக் கொண்டுபோகிறான். அவன் வந்ததும் கிணற்றுத் தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் விடுகிறேன். கணவர் பார்த்துக்கொண்டே இருப்பார்.

மீன்பிடிக்கும் வீட்டாருக்கு இதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்.