‘பெக்’ இல்லாத பெற்றிசம்

கச்சேரிக்கு, அதாவது அரசாங்க அலுவலகத்துக்கு, வரும் பெற்றிசம் எதுவானாலும், அது கிடைத்ததென்று தாமதமின்றிப் பதில் எழுத வேண்டும். நடைமுறை அப்படி. மனுதாரர் எந்தச் சொல்லால் கேட்க வேண்டுமென்று அதில் ஒரு வரியும் இல்லை. ஓய்வுபெறும்வரை தேடிப் பார்த்தவன் சொல்கிறேன். ஆனாலும் ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளில், நான் யாழ்ப்பாணத்தில் இளநிலை எழுத்தராக இருந்தபோது, ‘பெக்’ என்ற ஆங்கிலச் சொல் இல்லாத பெற்றிசம் எங்கள் பெரிய கிளாக்கரின் மேசையைத் தாண்டியதில்லை. ‘தாழ்மையுடன் பெக் செய்கிறேன்’ என்று தொடங்கினால்தான் அவருக்கு அது மனு.

கொழும்புத்துறைச் சம்மாட்டியார் பல வலைகளுக்குச் சொந்தக்காரர். ஒருநாள் மனைவியோடு வந்து என் முன்னால் நின்றார். கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையைப் பிரக்கிராசி வக்கீல் ஒருவர் முள்ளுக்கம்பியால் அடைத்துவிட்டார். மீன்கூடை சுமக்கும் பெண்கள் ஊரைச் சுற்றி வருவதற்குள் சந்தை கலைந்துவிடும். கச்சேரி வாசலில் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த பெற்றிசத்தில் ‘பெக்’ என்ற சொல்லின் மேல் விரலை வைத்து, “தம்பி, உது என்ன சொல்லு?” என்றார்.

“இரக்கிறது” என்றேன். மரியாதைக்குத்தான், கச்சேரிக்குத் தலைவரான வெள்ளைக்காரத் துரையும் கொழும்புக்கு எழுதும்போது அதையே போடுகிறார், காலை மிதித்துவிட்டாலும் வெள்ளைக்காரர் மன்னிப்பைப் ‘பெக்’ செய்துதான் கேட்பார்கள் என்று விளக்கினேன். படித்த திமிர் விடுமா? அதன் பிறப்பு அகராதிக்கே திட்டமாகத் தெரியாது, கைநீட்டித் திரிந்த பழைய துறவிக் கூட்டமொன்றின் பெயராக இருக்கலாம் என்பதையும் சேர்த்தேன்.

“கீரிமலையிலை ஆடி அமாவாசைக்குத் துண்டு விரிச்சிருக்கிற ஆக்கள் மாதிரியோ?”

“ஓம், அப்பிடியுந்தான்.”

“அப்ப அதை வெட்டிவிடும், தம்பி.”

வெட்டினேன். பெரிய கிளாக்கர் தாளைத் திருப்பித் தள்ளினார். “ஒரு சொல்லுத்தானே, சம்மாட்டி. போட்டால் இண்டைக்கே துரையின்ரை மேசைக்குப் போகும். கை நோகுமோ?”

மனைவியும் பிடித்துக்கொண்டார். “போடுங்கோவன். மீனல்லோ நாறுது, உங்கடை ரோசத்தை ஆர் சந்தையிலை வாங்கிறது?”

“எங்கடை ஒழுங்கையை நானே இரந்து வாங்கினால், தந்ததை நாளைக்குத் திருப்பித் தா எண்டுவாங்கள். அப்ப என்னத்தைச் சொல்லிறது?”

சட்டம் படித்த பிரக்கிராசிக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் அது. பெரிய கிளாக்கருக்கும் தெரியும் என்றே இன்றும் நினைக்கிறேன்.

அந்த மாரி முழுவதும் பெண்கள் சேற்றில் ஊரைச் சுற்றினார்கள். சம்மாட்டியார் மாதந்தோறும் அதே பெற்றிசத்தை, அந்தச் சொல் இல்லாமலே, கொண்டுவந்தார். பெரிய கிளாக்கர் லீவில் நின்ற ஒருநாள் நானே அதைத் துரையின் மேசையில் வைத்தேன். நடைமுறைப்படி செய்தேன், நடைமுறைப்படியே எனக்கு மன்னாருக்கு மாற்றமும் வந்தது. வருத்தமில்லை. இப்போதெல்லாம் தமிழிலேயே ‘தாழ்மையுடன்’ என்று எழுதச் சொல்கிறார்கள். நான் எழுதுவதில்லை.

துரை நேரில் போய்ப் பார்த்தார். அவருடைய பதிலைச் சம்மாட்டியார் பின்னர் எனக்குக் காட்டினார்: ஒழுங்கை பொதுவழி, கம்பி அகற்றப்படும். ‘அனுமதிக்கப்படுகிறது’ என்ற சொல் அதில் எங்கும் இல்லை. அது அவர் கைக்கு வந்தது சித்திரை வருடப்பிறப்புக்கு முதல் நாள்; ஒருநாள் பிந்தியிருந்தால், பெரியவர்கள் கொடுக்கும் கைவிசேடம் என்று சொல்லியிருப்பார்கள்.