நடைக்கு இருபத்துமூன்று சொல்

களுவாஞ்சிக்குடிச் சந்தைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் பல வருடங்களாக நான் ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்பு நடத்துகிறேன். வாசலில் பெரிய பலகை இருக்கிறது. அந்தப் பலகைக்குக் கீழே நின்று ஆங்கிலம் பேசியவர் என்று நான் இதுவரை கண்டது என்னை மட்டும்தான்.

என் வகுப்பில் பெயர் போன பாடம் நடைப் பாடம். நடப்பதற்கு ஆங்கிலத்தில் இருபத்துமூன்று சொற்களைப் பொறுக்கி வைத்திருந்தேன். ஒவ்வொன்றையும் நானே நடந்து காட்டுவேன். சாப்பிட்டுவிட்டுக் காற்று வாங்க நடப்பது ஸ்ட்ரோல். கால் சுளுக்கி நொண்டுவது லிம்ப். வயற்சேற்றில் காலைப் பிடுங்கிப் பிடுங்கி நடப்பது ட்ரஜ். சாராய வெறியில் வேலியைப் பிடித்துக்கொண்டு வீடு போய்ச் சேருவது ஸ்டகர். இதற்குப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். உதாரணத்துக்கு ஊரில் ஆள் பஞ்சமில்லை. எந்த நோக்கமும் இல்லாமல் அங்குமிங்கும் திரிவது வாண்டர். இந்தச் சொல்லின் மேல் எனக்குத் தனி ஆசை. அதைச் சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வேன்.

என்னிடம் படித்தவர்களில் பாதிப்பேர் கட்டாருக்குப் போனார்கள். அங்கே அவர்களை ஸ்ட்ரோல் பண்ணச் சொன்னவர் யாருமில்லை. வா, போ, தூக்கு என்ற மூன்று சொல்லோடு இரண்டு வருடம் ஓடிவிட்டதாக லீவில் வந்த ஒருவன் சொன்னான். அவனுக்கு ரசனை போதாது என்று நினைத்தேன். என்னைப் பற்றி அப்போது எனக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. அரசாங்கக் கந்தோருக்கு எது எழுதுவதென்றாலும் இங்கிலிஷில் எழுதுவிப்பார்கள். எழுதுவிப்பவருக்கு இங்கிலிஷ் தெரியாது. வாங்குகிற உத்தியோகத்தரும் தமிழர். வீட்டில் மீன்குழம்பும் சோறும் தின்று, தமிழில் திட்டு வாங்கிக்கொண்டு வேலைக்கு வருகிறவர். தமிழில் எழுதினால் அவருக்கு ஒரு மூச்சில் விளங்கும். ஆனால் தமிழில் எழுதின கடிதம் மேசையில் படுத்துக் கிடக்கும், இங்கிலிஷில் எழுதினது எழும்பி நடக்கும் என்று சனத்தின் நம்பிக்கை. இந்த மடமையைப் பார்த்து நான் தனியே சிரிப்பதுண்டு. சிரித்துக்கொண்டே எழுதியும் கொடுப்பேன். கூலி வாங்குவதில்லை என்று சொல்லிக்கொள்வேன்; நண்டு கொண்டுவந்தால் வாங்கிக்கொள்வேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், வகுப்பு முடிந்த பிறகு, நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்தார். கடற்கரை ஓரத்தில் வாடி போட்டு மீன்பிடிக்கிற குடும்பம். வாடி என்றால் ஓலைக் குடிலும் வலை காய்கிற முற்றமும் ஒரு துண்டு வளவும். அந்த வளவுக்கு அரசாங்கப் பத்திரம் கேட்டிருந்தார். ஆளில்லாத காணி அது, தனக்குத் தந்தால் விடுதி கட்டுவேன் என்று நகரத்து முதலாளி ஒருவரும் கேட்டிருந்தார். யார் தொடர்ந்து குடியிருக்கிறார்களோ அவர்களுக்குத்தான் பத்திரம். விசாரணைக்குக் கொடுக்க ஒரு கடிதம் எழுதுவிக்கத்தான் என்னிடம் வந்திருந்தார்.

"மாரி பொறந்தா கடல் விடாது சேர்," என்றார். "நாங்க ஆத்துக்கு அங்கால, படுவான்கரைக்குப் போய் இறால் பிடிக்கிற. மாசியில திரும்பி வாற. என்ட மாமி காலத்தில இருந்து இப்பிடித்தான்."

வாவியைத்தான் நாங்கள் ஆறு என்போம். போகிற அன்று அடுப்புக் கற்கள் மூன்றையும் அப்படியே விட்டு, மேலே ஒரு பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார்களாம். கடற்கரையில் எல்லா வாடிக்காரருக்கும் அது தெரியும். கவிழ்த்த பானை இருக்கிற வளவில் வேறு எவரும் ஒரு தடியும் ஊன்றமாட்டார்கள்.

"மூத்தவளுக்கு அந்த வளவிலதான் கல்வீடு கட்டிக் குடுக்க வேணும். வைகாசியில கலியாணம் பேசியிரிக்கு. வளவு இல்லையெண்டா மாப்பிள வீட்டார் வரமாட்டாங்க."

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு. அதைக் கொடுக்க வழியில்லாத தாய் கலியாணத்தைப் பற்றி வாய் திறக்கமுடியாது. இது எனக்கு விளங்காத விசயம் இல்லை. என் மனைவியின் வீட்டில்தான் நானும் இருக்கிறேன்.

அன்று இரவு சாப்பிட்டதும் எழுத உட்கார்ந்தேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: மாரிக்குப் போகிறோம், மாசிக்கு வருகிறோம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இரண்டு வரியில் எழுதிவிடும். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. நடைக்கு இருபத்துமூன்று சொல் வைத்திருக்கிறவன் வெறுமனே கோ என்றும் கம் என்றும் எழுதினால் என்ன மரியாதை? மூவ் சப்பென்று இருந்தது. ஷிப்ட் வீட்டுச் சாமான் ஏற்றும் லொறியை ஞாபகப்படுத்தியது. மைக்ரேட் பறவைக்கு உரியது. கடைசியில் என் செல்லச் சொல்லையே போட்டேன். தலைமுறை தலைமுறையாக இவர்கள் கடலுக்கும் வாவிக்கும் இடையில் வாண்டர் பண்ணுகிறார்கள் என்று எழுதி, இரண்டு தரம் வாய்விட்டு வாசித்தேன். அடுப்பையும் பானையையும் வெட்டிவிட்டேன். அரசாங்கக் கடிதத்தில் பானை என்ன பானை.

நோக்கமில்லாமல் திரிவது என்று ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவனும் நான்தான். தெரியாமல் செய்தேன் என்று சொல்லவும் எனக்கு வழியில்லை.

மறுநாள் அவருக்கு அதை வாசித்துக் காட்டினேன், இங்கிலிஷிலேயே. கோயிலில் மந்திரம் கேட்கிறவர் மாதிரி நின்று கேட்டார். பிறகு கையெழுத்து வைத்தார்.

விசாரணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். போகாமல் விடுவேனா, என் இங்கிலிஷை ஒரு உத்தியோகத்தர் வாசிக்கப் போகிறார். காணிக் கந்தோரில் மனுக்காரர்களின் மர வாங்கில் உட்கார்ந்தேன். உள்ளே கோப்புகளைத் தூக்கிக்கொண்டு திரிந்த இருவர் என்னிடம் படித்தவர்கள். நின்று வணக்கம் சொன்னார்கள். நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

உத்தியோகத்தர் முப்பது வயதுக்காரர், எங்கள் பக்கத்துப் பிள்ளை. கடிதத்தை மெதுவாக வாசித்தார். இடையில் கைத்தொலைபேசியைத் தட்டி ஏதோ பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தித் தமிழில் சொன்னார்.

"அம்மா, போன மார்கழியில ஆள் வந்து பார்க்கக்குள்ள வாடி வெறுமையாக் கிடந்திரிக்கு. நாங்க ஓரிடத்தில நிலையில்லாம அலைஞ்சு திரியிற ஆக்கள் எண்டு நீங்களே எழுதியும் தந்திரிக்கிறீங்க. அப்ப நான் எப்பிடிப் பத்திரம் தாற?"

அந்தப் பெண் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. நான் ஏதோ சொல்லப் போகிறேன் என்று பார்த்தார்.

"இல்ல ஐயா," என்றார் அவரிடம். "நாங்க போய் வாற ஆக்கள்."

"அப்ப அப்பிடியே எழுதியிரிக்கலாமே," என்ற உத்தியோகத்தர் என் பக்கம் திரும்பினார். "சேர், இத எழுதினது நீங்களா? பிழையெண்டா சொல்லுங்க. இண்டைக்கே மாத்தி எழுதித் தந்தா நான் எடுக்கிறன்."

இவ்வளவு இலேசாக ஒரு வாசலை எவரும் திறந்துவிட மாட்டார்கள். பிழைதான் தம்பி, நான் எழுதினதுதான் பிழை என்று தமிழில் சொல்லியிருந்தால் போதும். ஆனால் என்னிடம் படித்த அந்த இருவரும் கோப்புகளை வைத்துவிட்டு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்தேன். பிழை இல்லை என்றேன். அந்தச் சொல்லுக்கு அழகான இன்னொரு சாயலும் உண்டு என்றேன். அதையும் இங்கிலிஷில் சொன்னேன். விரும்பினபடி சுற்றுகிற றோம் என்பதற்கும் வாண்டர் என்பதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்கிக்கொண்டு நின்றேன். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று நின்றவன் அவ்வளவு நேரம் நின்றதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

உத்தியோகத்தர் பொறுமையாகக் கேட்டார். பிறகு பேனையை மூடினார். "சரி சேர். எழுதினது சரியெண்டு நீங்களே சொல்லுறீங்க," என்று கோப்பைக் கட்டினார்.

இரண்டு மாதத்தில் வளவு முதலாளிக்குப் போனது. முட்கம்பி வேலி வந்தது. மாசியில் திரும்பிவந்த குடும்பம் வலையை இறக்க இடமில்லாமல் தெருவோரத்தில் நின்றதாகச் சந்தையில் பேசிக்கொண்டார்கள். வைகாசிக் கலியாணம் நின்றுபோனது. இதெல்லாம் என் காதில் விழுந்தது. நான் கடற்கரைப் பக்கம் போகவில்லை. எங்களுடைய சனத்துக்குத் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்க்கத் தெரியாது என்று வகுப்பில் ஒருநாள் சொன்னதாகவும் ஞாபகம். அவ்வளவு கீழ்த்தரமானவன் நான்.

ஆனியில் பஸ் தரிப்பில் அந்தப் பெண்ணைக் கண்டேன். ஒளியப் பார்த்தேன், முடியவில்லை. அவரே கிட்ட வந்தார். கையில் நண்டுப் பை இருந்தது. மேலிடத்துக்கு இன்னொரு கடிதம் எழுதவேணும், எழுதித் தருவீங்களா என்று கேட்டார்.

"நானா?" என்றேன்.

"ஓம் சேர். அந்த ஐயா பிறகு என்னட்டச் சொன்னவர். காணி கிடைக்காட்டியும், இவ்வளவு நல்ல இங்கிலிஷ் இந்தக் கந்தோருக்கு வந்ததில்லையாம்."

அதில் நக்கல் எதுவும் இல்லை. அந்தப் பெண் உண்மையாகவே சொன்னார். வளவு போய், மகளின் கலியாணம் போய், அந்த வெயிலில் என் முன்னால் நின்று சொன்னார். அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோசமாக இருந்தது.