எல்லாருக்கும் முதல் மரியாதை

அந்த விசாரணையைப் பற்றி இரண்டு கதைகள் தஞ்சாவூரில் உலவுகின்றன. ஒன்றில் செவிலி பொய் சொன்னவர். மற்றொன்றில் மருத்துவர் ஈவிரக்கமற்றவர். இரண்டையும் பரப்புகிறவர்கள் அந்த அறையில் இருந்தவர்கள் அல்லர். நான் இருந்தேன். ஆகவே என் கண்ணால் கண்டதையும் கையால் சோதித்ததையும் மட்டுமே எழுதுகிறேன். கேள்விப்பட்டதைச் சேர்த்தால் நானும் அவர்களில் ஒருவனாவேன்.

அந்தத் தனியார் மருத்துவமனையின் கணினி வலையமைப்பைப் பராமரிப்பது என் வேலை. தொலைபேசி, கணினி, கண்காணிப்புக் கேமரா எல்லாம் ஒரே கம்பிவழியில்தான் ஓடின. நெரிசலில் எது முந்தலாம் என்பதை ஸ்விட்ச் என்னும் இணைப்புப் பெட்டி முடிவுசெய்யும். எந்தக் கருவியும் தான் அனுப்பும் தகவலின்மேல் 'நான் அவசரம்' என்று ஒரு குறி இடலாம். அக்குறியை நம்புவதா, அழிப்பதா என்பது கம்பி செருகும் ஒவ்வொரு துளைக்கும் நாம் இடும் கட்டளை. தொலைபேசித் துளைகளை மட்டுமே நம்பும்படி வைத்திருந்தேன். பேச்சு தாமதத்தைத் தாங்காது, மற்றவை தாங்கும்.

பிரசவ வார்டில் ஒரு பெண்ணுக்கு இரத்தப்போக்கு மிகுந்தது. பணியிலிருந்த செவிலி, நன்னிலத்துக்காரர், மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தார். மருத்துவர் வரத் தாமதமாயிற்று. அப்பெண் பிழைத்தார், ஆனால் உறவினர்கள் கொதித்தார்கள். பழி சுமக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. மறுநாள் காலை, செவிலியை வேலையிலிருந்து நீக்குவதற்காக நிர்வாகி அவரையும் மருத்துவரையும், தொலைபேசியும் என் பொறுப்பு என்பதால் என்னையும் கூட்டினார். அவர் உரிமையாளரின் மைத்துனர். அதற்கு மேலான தகுதி எதையும் நான் கண்டதில்லை.

"போன் வந்துச்சு சார். ஒண்ணும் புரியலை. அவசரம்னா திரும்பக் கூப்பிடணும்ல?" என்றார் மருத்துவர்.

"உடனே வாங்கன்னு ரெண்டு தடவை சொன்னேன் சார்," என்றார் செவிலி.

"சொன்னா கேட்டிருக்காதா? டாக்டருக்கு என்ன, காது செவிடா?" என்றார் நிர்வாகி.

அவர் முதுகுக்குப் பின்னால் சுவர்த் திரையில் கேமராக் காட்சிகள் ஓடிக்கொண்டிருந்தன. எப்போதும் நின்று நின்று ஓடுபவை அன்று வழுக்கிக்கொண்டு ஓடின. எனக்கு ஐயம் எழுந்தது. மடிக்கணினியைத் திறந்து ஸ்விட்ச்சின் அமைப்பைப் பார்த்தேன். எல்லாத் துளைகளையும் நம்பும்படி யாரோ மாற்றியிருந்தார்கள்.

"யாருங்க மாத்தினது?" என்று கேட்டேன்.

"கேமரா போட்ட நம்ம பட்டுக்கோட்டைக்காரர்தான். நேத்து காலையில நான்தான் சொன்னேன்," என்றார் நிர்வாகி. "என் கேமராவுக்கு மட்டும் வேகம் குடுத்தா அக்கவுண்ட்ஸ் கோவிச்சுக்குவாங்க. அவங்களுக்குக் குடுத்தா பார்மசிக்காரங்க மூஞ்சியைத் தூக்குவாங்க. கோயில்ல பரிவட்டச் சண்டை மாதிரி ஆயிடும். எல்லாருக்குமே முதல் மரியாதைன்னு போடச் சொல்லிட்டேன். நம்ம மெஷினை நாமளே நம்பாட்டி எப்படிங்க?"

"எல்லாரும் முதல்னா வரிசையே இல்லைங்க. உங்க கேமரா எல்லாம் தன்னை அவசரம்னு சொல்லிக்குது. ஸ்விட்ச்சும் நம்பிடுது."

மேசைத் தொலைபேசியில் வார்டை அழைத்து ஒலிபெருக்கியைப் போட்டேன். மறுமுனையில் பேசிய ஆயாவின் குரல் துண்டு துண்டாக விழுந்தது. கேமராத் துளைகளுக்குத் தந்திருந்த நம்பிக்கையை நீக்கினேன். திரையில் காட்சி பழையபடி நின்று நின்று ஓடியது. குரல் தெளிந்தது.

"கேக்குதா இல்லையா? காலையில விளையாட நேரம் பாத்தீங்களே!" என்று ஆயா எரிந்து விழுந்தது அறை முழுவதும் கேட்டது.

நிர்வாகி செவிலியின் முகத்தைப் பாராமலே, "சரிம்மா, போய் வேலையைப் பாரு," என்றார். மன்னிப்பு என்றொரு சொல் உண்டென்று அவர் அறிந்திருந்ததற்கு அறிகுறி இல்லை.

செவிலி அசையவில்லை.

"நான் சொன்னப்ப நம்பலை. டப்பா சொன்னதும் நம்புறீங்க. நாளைக்கு டப்பா கெட்டுப்போனா எனக்கு யாருங்க சாட்சி?"

அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். என்னையும் ஒருமுறை பார்த்தார். அப்பார்வையில் நன்றி இல்லை. போய்விட்டார். மீண்டும் வரவில்லை.

"இப்ப என் கேமரா நின்னு நின்னு ஓடுதே, அதுக்கு வழி சொல்லுங்க," என்றார் நிர்வாகி.

"நிக்கட்டுங்க," என்றேன்.

அங்கே அழைப்புகள் பதிவாவதில்லை. நெரிசலில் குரல் சிதையக்கூடும் என்பதையே என் சோதனை காட்டியது. அந்த அழைப்பில் சிதைந்தது என்பதைக் காட்டவில்லை. செவிலி சொன்னதில் எத்தனை சொற்கள் மருத்துவரைச் சென்றடைந்தன என்பது எனக்குத் தெரியாது.