புரட்டாசியில் வந்த சால்மன்

என் கணவருக்கு வேலை போய் நாற்பத்தோராவது நாள், சால்மன் பிடிக்கப் போகலாம் என்றார். விசாக் கணக்கில் எங்களுக்கு மிச்சம் பத்தொன்பது நாள். அறுபது நாளுக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு விமானம் ஏற வேண்டியதுதான். இந்த லட்சணத்தில் இவருக்கு மீன்பிடி ஆசை!

அதுவும் புரட்டாசியில். தூத்துக்குடிக்காரியான நான் எந்தப் புரட்டாசியிலும் மீனை விட்டதில்லை. இந்த வருஷம்தான், வேலை கிடைக்கட்டும் என்று பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு, கருவாட்டை மோந்துகூடப் பார்க்காமல் கிடந்தேன். சால்மனுக்குப் பஞ்சாங்கமா தெரியும்? குளிர் தொடங்கியதும் முட்டையிடக் கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறி வந்துவிடுகிறது. போகும்போதும் விசா இல்லை, வரும்போதும் விசா இல்லை. கொடுத்துவைத்த ஜென்மம்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மனுஷன் சிரித்தே ஒரு மாதம் ஆகியிருந்தது. நியூஜெர்சியிலிருந்து வடக்கே ஐந்து மணி நேரம் காரில் போனோம்.

இரண்டு நாள் மழையில் ஆறு டீக்கடை டீ நிறத்தில் பொங்கி ஓடிக்கொண்டிருந்தது. கரையெல்லாம் ஆட்கள், தோளோடு தோள் உரச. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரத் தாத்தா, தண்ணீர் வடிய நாளாகும், வீட்டுக்குப் போங்கள் என்றார். இவர் கேட்டால்தானே? நெஞ்சுவரை வரும் ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு, போனை என் கையில் திணித்துவிட்டு இறங்கினார்.

மூன்று மணி நேரம் ஒன்றும் இல்லை. திடீரென்று தூண்டில் கம்பு வளைந்தது. "மாட்டிக்கிச்சுடி!" என்று கத்தினார். அதே நேரத்தில் போன் அடித்தது. போன வாரம் கடைசி ரவுண்டு இன்டர்வியூ முடித்திருந்த கம்பெனி.

"ஏங்க, அவங்கதான்! வாங்க!"

"இரு, இரு! லைன் அறுந்துடும்!"

"நாசமாப் போச்சு! இப்ப மீனா முக்கியம்?"

"நீயே பேசேன்!"

எடுத்தேன். ஆற்றின் இரைச்சலுக்கு மேல் கத்தி, அவர் மீட்டிங்கில் இருக்கிறார், பத்து நிமிஷத்தில் கூப்பிடுவார் என்று இங்கிலீஷில் புளுகினேன். வேலையில்லாதவருக்கு என்ன மீட்டிங் என்று அந்தப் பெண் கேட்கவில்லை, நல்ல மனசு.

கால் மணி நேரம் மல்லுக்கட்டி இழுத்தார். என் கை நீளத்துக்கு ஒரு மீன். நானென்றால் நாலு வீட்டுக்குக் குழம்பு வைத்திருப்பேன். ஆனால் கொக்கி வாயில் இல்லை, வாலில். தாத்தா தலையை ஆட்டினார்: வாயில் மாட்டாத மீனைத் திருப்பி விட்டுவிட வேண்டும், அதுதான் இங்கே சட்டம். விசாக்காரர்களுக்குச் சட்டம் என்றாலே பயம். தாத்தா சொல்லி முடிப்பதற்குள் இவர் விட்டுவிட்டார்.

கரையேறி, ஈரக் கையோடு கம்பெனிக்குக் கூப்பிட்டார். "ஓகே... அண்டர்ஸ்டுட்... தேங்க்யூ." ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வேறு ஆளை எடுத்துவிட்டார்களாம்.

எனக்கு வந்த கோபத்துக்குப் பெருமாளே எதிரில் நின்றிருந்தாலும் ஒரு பிடி பிடித்திருப்பேன். இவரைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். பார்த்தால், "எவ்ளோ பெருசு பாத்தியா?" என்கிறார். கண்ணில் தண்ணீர், வாயெல்லாம் பல். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

"பாத்தேன், பாத்தேன்," என்றேன். "நாளைக்கும் உங்களுக்கு ஆபீஸ் இல்லையே. இன்னொரு தடவை தூண்டிலைப் போடுங்க."