தாமஸ் அண்ணன் காலால் போட்ட தாளம்

அந்தக் கேசட்டில் மெஷின் ஆயில் நாற்றம் அடித்தது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், பழைய மோட்டார் சாமான்களோடு ஒரே தார்ப்பாயில் கிடந்ததை நான் பொறுக்கி வந்தேன். பிறகு வேறென்ன மணக்கும்? மேலட்டை கிடையாது, பெயர் கிடையாது. பாடிய குழு எதுவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பொழிச்சலூர் வீட்டு டேப் ரெக்கார்டரில் போட்டதும், "ஏண்டி, பேட்டரி தீந்துபோச்சா? இப்டி இழுக்குது?" என்று அம்மா சமையலறையிலிருந்து கத்தினாள்.

பேட்டரி தீரவில்லை, பாட்டே அப்படித்தான். 'ஒன்று' என்று நாம் எண்ணுகிற இடத்தில் கித்தார் சும்மா இருக்கும், அடுத்த இடத்தில் 'சக்'கென்று வெட்டும். அவசரமே இல்லாமல், எவனுக்கும் பயப்படாமல் தெருவில் நடந்துபோகிற ஆளைப் போல. அதன் பெயர் ரெக்கே என்பதும், ஜமைக்கா என்கிற தீவில் ஏழை ஜனங்கள் எதிர்த்து நின்று பாடியது என்பதும் பல வருடம் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டவை. அப்போது எனக்குப் பதினைந்து வயது. எங்கள் சர்ச் பாடகர் குழுவில் கித்தார் வாசித்த ஒரே பெண் நான்தான். அந்த நாற்காலியில் உட்கார நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அறுவடைப் பண்டிகை வந்தது. பூசணி, வாழைத்தார், சேவல் என்று வீட்டுக்கு ஒரு காணிக்கை கொண்டுவந்து, ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலில் ஏலம் விடுவார்கள். அதற்கு முன்னால் எங்கள் 'ஸ்பெஷல் சாங்'. ஒத்திகையில் நான் அந்தக் கேசட் மாதிரி வெட்டி வெட்டி வாசித்தேன். குழுவை நடத்திய தாமஸ் அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். "இன்னாம்மா இது? பாட்டு நொண்டிக்கினு வருது. நேரா வாசிக்கிறதுன்னா வாசி, இல்லாட்டி கித்தாரக் குடுத்துட்டு அப்டி குந்து." பையன்கள் சிரித்தார்கள். "சரிண்ணா" என்றேன், மனசில் அது இல்லவே இல்லை.

பண்டிகையன்று காலை முதல் சரணத்தை நல்ல பிள்ளையாக வாசித்துவிட்டு, இரண்டாவதில் என் வழிக்கு மாறினேன். நான் தாளம் தப்பிவிட்டேன் என்று நினைத்த தாமஸ் அண்ணன், என்னை இழுத்துப் பிடிக்க ஷூ காலால் மரமேடையை மிதித்தார்: டொக், டொக். அட, அதுதானே எனக்கு வேண்டியிருந்தது! அவர் கால் இறங்கும்போது சும்மா இருந்தேன், கால் ஏறும்போது வெட்டினேன். கோபத்தில் அவர் ஓங்கி ஓங்கி மிதிக்க, பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. பின்வரிசைப் பெண்கள் கைதட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. காலை நிறுத்தி, இரண்டு கையையும் தூக்கினார். மொத்தக் குழுவும் நின்றது. நான் நிற்கவில்லை. கடைசிச் சரணத்தை ஒண்டியாகப் பாடி வாசித்து முடித்தேன்.

அடுத்த ஞாயிறு என் நாற்காலியில் வேறு ஒருவன் இருந்தான். "எல்லார் முன்னாடியும் ஒரு மன்னிப்புக் கேட்டுடு, திரும்பச் சேத்துக்கறேன்" என்றார் தாமஸ் அண்ணன். "ஒரு வார்த்தைதானேம்மா, கேட்டுடேன்" என்று அப்பாவும் கெஞ்சினார். "தப்பா வாசிச்சிருந்தா கேட்டிருப்பேம்ப்பா" என்றேன். கல்யாணமாகிப் போகும்வரை அந்தச் சர்ச்சில் நான் கித்தாரைத் தொடவில்லை. வலிக்கவில்லை என்று யாரிடம் பொய் சொல்ல? ஒவ்வொரு ஞாயிறும் தாவணிக்கு அடியில் என் விரல்கள் தானாக அசைந்துகொண்டிருந்தன.

இன்று அந்தச் சந்தையில் கேசட்டைத் தேடினாலும் கிடைக்காது. சர்ச்சில் மரமேடை போய் டைல்ஸ் வந்துவிட்டது, கித்தார் போய் கீபோர்டு வந்துவிட்டது. போன அறுவடைப் பண்டிகைக்குப் போயிருந்தேன். கீபோர்டுப் பையன் ஏதோ ஒரு பட்டனை அமுக்கினான்; அதே வெட்டு, அதே நடை! ரெக்கே என்று அந்தக் கருவியிலேயே எழுதி வைத்திருக்கிறார்களாம். ஆயர் தலையாட்ட, சபையே கைதட்டியது. முன்வரிசையில் தலை நரைத்த தாமஸ் அண்ணனும் தட்டினார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பசங்க இன்னாமா வாசிக்கிறாங்க, பாத்தியாம்மா?" என்றார்.

"பாத்தேண்ணா. இப்ப எங்கிட்ட மன்னிப்புக் கேளுங்க" என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.