வெயில் லிஸ்ட்டில் ஒரு பச்சை

எங்கள் நகரசபையின் காலநிலைத் திட்டத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவள் நான்தான். பரமட்டாப் புறநகருக்கும் மேற்கே இருக்கிறோம். கடற்காற்று எங்கள் பக்கம் வந்து சேர்வதில்லை. திட்டத்தில் படங்கள் நிறைய. வீதியோரம் நட்ட மரக்கன்றுகள், வெள்ளை பூசிய கூரைகள், நூலகத்து ஏசிக் குளிரில் உட்கார்ந்து சிரிக்கும் முதியவர்கள். இந்தக் கன்றுகள் நிழல் தரும்வரை நாங்கள் எங்கே நிற்பது என்று கூட்டத்தில் கேட்டேன். மனேஜர் நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.

எனக்குப் பிடித்தது அதில் ஒரு பக்கம்தான். கடும் வெயில் நாட்களில், தனியாக வசிப்பவர்களைப் போனில் கூப்பிட்டு மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். சுகமா, வீடு குளிர்ச்சியாக இருக்கிறதா, தண்ணீர் குடித்தீர்களா. பதில் சரியென்றால் பெயருக்கு எதிரே பச்சை. இல்லையென்றால் சிவப்பு. சிவப்பு விழுந்தால் சபையிலிருந்து ஒருவர் நேரில் போய்ப் பார்ப்பார். தமிழ்ப் பெயர்கள் என் பொறுப்பு.

பெயர் சேர்ப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. எங்கள் ஆட்கள் லிஸ்ட் என்றாலே பெயர் தர மாட்டார்கள். ஊரில் யுத்த நேரம் பெயர் பதியச் சொன்னவர்கள் ஆட்களைப் பிடிக்கத்தான் பதிந்தார்கள் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. கோயில் சமையற்கட்டில் சனிக்கிழமைகளில் மரக்கறி வெட்டித் தரும் அண்ணையைச் சம்மதிக்க வைக்க ஒரு மாதம் பிடித்தது. "இது வெயில் லிஸ்ட் அண்ணை, வேற ஒண்டுக்கும் போகாது" என்றேன். "நீங்கள் சொல்லுறியள் எண்டதுக்காகப் போடுங்கோ" என்றார்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. படகில் அகதியாக வந்தவர், இன்னும் தற்காலிக விசாதான். மரக்கறிச் சந்தையில் விடியுமுன் தொடங்கும் வேலை, பகலில்தான் தூக்கம். ஒரு வீட்டின் பின்பக்கத்தில், கார் விடுகிற கராஜில் குடியிருந்தார். தகரக் கூரை. கராஜில் ஆள் இருப்பது சட்டப்படி பிழை. சபைக்குத் தெரிந்தால் அன்றைக்கே அவர் கட்டிலோடு வீதிக்கு வரவேண்டும். லிஸ்ட்டில் முன்வீட்டு விலாசத்தைத்தான் எழுதினேன். சபையில் சம்பளம் வாங்கிக்கொண்டு சபைக்கே மறைக்கிறேனே என்று அன்று கை கூசியது.

தை மாதத்தில், இங்கே நடுக்கோடையில், ஒருநாள் நாற்பத்துமூன்று டிகிரி வரும் என்றார்கள். காலை பதினொரு மணிக்கு அவரைக் கூப்பிட்டேன்.

"சுகமா இருக்கிறியளோ அண்ணை?"

"ஓம், நல்ல சுகம்."

"வீடு குளிரா இருக்கோ?"

"நல்ல குளிர். தண்ணியும் குடிச்சனான். வைக்கிறன் தங்கச்சி."

நல்ல குளிராம். அந்தத் தகரத்தின் கீழே எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் சிவப்புப் போட்டால் ஆள் போவார், கட்டிலைப் பார்ப்பார். பச்சை போட்டேன். அவர் பொய் சொன்னார், நான் அதற்கு உடந்தையானேன். எங்களுக்குள் இது பேசாமலே நடக்கிற ஒப்பந்தம். ஒருவருக்கும் கரைச்சல் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அடுத்து நான்கு பேரைக் கூப்பிட்டேன். நான்காவது ஒரு அன்ரி. தன் பிள்ளைகளைப் பற்றி ஒரு பாட்டம் குறை சொல்லிவிட்டு, "அதுசரி, நீங்கள் சாப்பிட்டியளோ?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணை அதைக் கேட்கவில்லை. எந்த நேரம் பேசினாலும், கோயிலில் நான் தட்டோடு நிற்கும்போதுகூட, அதைக் கேட்காமல் அவர் என்னை விட்டதில்லை.

திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மூன்று முறை கூப்பிட்டேன். கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் என்னையே திட்டிக்கொண்டு நின்றேன். ஆள் செத்துக் கிடந்தால் என்ன சொல்வேன், யாரிடம் சொல்வேன் என்பதைத் தவிர வேறொன்றும் மனதில் இல்லை.

கராஜ் கதவை யாரும் பார்க்காதபடி ஒரு சாண் மட்டும் விட்டு இறக்கியிருந்தார். தூக்கினேன். உள்ளிருந்து வந்த காற்று முகத்தைச் சுட்டது. மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி வீசிக்கொண்டிருந்தது. குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்தபடி நிலத்தில் இருந்தார். தோல் காய்ந்து கொதித்தது, ஒரு துளி வியர்வை இல்லை.

"அண்ணை, என்னைத் தெரியுதோ?"

பிறந்த திகதியைச் சொன்னார். பிறகு, தடுப்பு முகாமில் பெயருக்குப் பதிலாகக் கொடுத்த தன் படகு இலக்கத்தைச் சொன்னார். திரும்பவும் பிறந்த திகதி.

ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, அவரை இழுத்துக்கொண்டுபோய் முன்வீட்டு எலுமிச்சை மர நிழலில் கிடத்தித் தண்ணீரை ஊற்றினேன். ஓடிப்போய்க் கராஜ் கதவை முழுதாக இறக்கினேன். உயிருக்குப் போராடுகிற மனிதனை விட்டுவிட்டுக் கதவை மூடப் போனதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. எங்கே விழுந்தார் என்று ஆம்புலன்ஸ்காரர்கள் கேட்டார்கள். தோட்டத்தில் என்றேன்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் கண் தெளிந்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து நன்றாகத் திட்டினேன். சிரித்தார்.

"எப்பிடி வந்தனீங்கள்? நான் எல்லாம் சரியெண்டுதானே சொன்னனான்."

"சாப்பிட்டியளோ எண்டு நீங்கள் கேக்கேல்லை. அதாலதான் ஓடிவந்தனான்."

"அப்பிடியோ," என்று கூரையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அந்தப் பச்சையை நான் மாற்றவில்லை. தமிழ் லிஸ்ட் முழுக்கப் பச்சை என்று மாதக் கூட்டத்தில் மனேஜர் என்னைப் பாராட்டினார். அண்ணைக்கு வேறு அறை தேடினேன். அவருடைய விசாவைப் பார்த்தவுடனேயே எல்லோரும் பிறகு சொல்வதாகச் சொன்னார்கள். அவர் அதே கராஜுக்குத் திரும்பிப் போனார்.

மாசியில் மறுபடியும் நாற்பதைத் தாண்டும் என்று அறிவித்தார்கள். முதல் பெயராக அவரைக் கூப்பிட்டேன். மணி ஒருதரம் அடிக்குமுன் எடுத்தார். நான் கேட்குமுன்னே அவரே தொடங்கினார்.

"தங்கச்சி, சாப்பிட்டியளோ?" என்றார். பிறகு, "நான் சுகம். நல்ல குளிர். தண்ணி குடிச்சனான்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கார்ச் சாவியைத் தேடினேன்.